ஒரு பொட்டு இரத்தம் – 7
தலைகீழாய் வந்த கணக்கு

நியூயோர்க்கில் 1938இல் டொரத்தி அண்டர்சன் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ நோயைத் தனியாக இனங்கண்டதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். கணையக் குழாய்களைத் தடித்த சளி அடைத்துவிடும். செரிமான நொதிகள் குடலுக்குப் போய்ச் சேரா. பிள்ளை வயிறாரக் குடித்தும் மெலியும். நெஞ்சில் தொற்று மாறி மாறி வரும்.

1953இல் பவுல் டி சான்ட்ஆக்னீஸ் அடுத்த தடயத்தைக் கண்டார். இப்பிள்ளைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம். ஆனால், பிறந்து சில நாளேயான சிசுவிடம் போதிய வியர்வை எடுப்பது கடினம். ஒரு நாட்டில் பிறக்கும் அத்தனை பிள்ளைகளையும் அப்படிச் சோதிக்க இயலாது. நோய் பிடிபடும் வேளையில் பல பிள்ளைகளின் நுரையீரல் பழுதாகியிருந்தது.

1979. நியூசிலாந்தின் ஒக்லாந்து. ஜெனட் குரொஸ்லி, றொபேட் எலியட், பற்றீசியா சிமித் ஆகிய மூவரும் சிசுக்களின் குதிக்காலில் குத்தி எடுத்து, வடிதாளில் உலர்த்திய இரத்தப் பொட்டுகளில் டிரிப்சின் என்ற கணைய நொதியை அளந்தார்கள். கணையம் கெட்டால் அதன் நொதி குறையத்தானே வேண்டும்?

குறையவில்லை. நோயுள்ள சிசுக்களில் அது பல மடங்கு கூடியிருந்தது!

வழி அடைபட்டதால், குடலுக்குப் போகவேண்டிய டிரிப்சினோஜன் (டிரிப்சினின் முன்வடிவம்) இரத்தத்தில் கசிந்திருந்தது. கணையம் முற்றாக அழிந்தபின் இந்த அளவு விழுந்துவிடும். ஆகவே பிறந்த முதல் நாட்கள்தான் பொன்னான காலம்.

ஆனாலும் ஒரு சிக்கல். குறைமாதப் பிள்ளைகளிலும், பிரசவத்தில் மூச்சுத்திணறிய பிள்ளைகளிலும் இதே அளவு உயரும். உயர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோயே இல்லை. இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது.

அது 1989இல் ரொறன்ரோவில் கிடைத்தது. லப்-சீ சுய், ஜோன் றியோர்டன் ஆகியோரும், மிச்சிகனிலிருந்து பிரான்சிஸ் கொலின்சும் சேர்ந்து, ஏழாம் நிறப்புரியில் நோயின் மரபணுவைப் பிடித்தார்கள். போரால் பெயர்ந்த ஈழத்தமிழர், மண்டைதீவு முதலான தீவுப்பகுதியார் உட்பட, அதே நகரில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது.

2008இல் ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணம் இந்நோயைச் சிசுப் பரிசோதனையில் சேர்த்தது. இனி அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கும் குதிக்காலில் ஒரு குத்து. நொதி கூடினால், தெரிந்த மரபணுப் பிறழ்வுகளின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள்.

அந்தப் பட்டியலோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரைச் சோதித்து எழுதப்பட்டது. அதில் முதலிடம் பெற்ற பிறழ்வு தெற்காசியரிடையே அவ்வளவு பரவலாக இல்லை.

மண்டைதீவு வம்சத்துக் குழந்தை ஒன்றின் நொதி உயர்ந்திருக்கிறது. அதன் பிறழ்வோ பட்டியலில் இல்லை. ஆய்வுகூடம் அந்தக் குழந்தையை ‘நலம்’ என்று அனுப்பிவிடுமா?

(தொடரும்)