உப்பளத்திலிருந்து எலும்புவரை: மக்னீசியத்தின் வலிமையும் அரிமானமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

முறிந்த எலும்பைத் தாங்கி நின்று, எலும்பு கூடியபின் உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் மக்னீசியத் தகடுகளின் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. அவ்வரலாற்றில் பெருந்தடையாக நின்றது வலிமைக் குறைவன்று, அரிமானத்தின் வேகமே என்பதையும், அவ்வேகத்தில் உலோகத்தின் தூய்மைக்குள்ள பங்கையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பட்டுக்கோட்டைக் கடற்கரை உப்பளங்கள், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், வாலிநோக்கம் ஆலை ஆகியவற்றை முன்வைத்து, தமிழகத்தில் இவ்வுலோகத்தின் வரலாறு எங்கே அறுபட்டது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மக்னீசியம், அரிமானம், எலும்புத் தகடு, உப்பளம், பட்டுக்கோட்டை, காரைக்குடி

முன்னுரை

பட்டுக்கோட்டையிலிருந்து கடல் நோக்கிப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளது அதிராம்பட்டினம். அங்கும், கிழக்கே வேதாரண்யத்திலும் கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் வற்றவைத்து உப்பு எடுக்கின்றனர். உப்பு வாரிய பின் எஞ்சும் நீர் கசக்கும். அக்கசப்புக்குக் காரணம் மக்னீசிய உப்புகள். ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிலோ மக்னீசியம் உண்டு. சோடியம் உப்பு பெரும்பகுதி பிரிந்துவிடுவதால், எஞ்சிய நீரில் மக்னீசியத்தின் செறிவு பன்மடங்காகிறது. வேதாரண்யத்து உப்பைப் பற்றி 1930ஆம் ஆண்டை முன்னிட்டு எழுதப்பட்டவை ஏராளம். பாத்தியின் அடியில் எஞ்சிய நீரோ வரலாற்றெழுத்தில் அரிதாகவே இடம்பெற்றுள்ளது.

இந்நீரிலுள்ள உலோகத்தைக்கொண்டு எலும்பைப் பொருத்தலாம் என்ற எண்ணம் மருத்துவத்துக்குப் புதிதன்று. எஃகு அல்லது டைட்டானியத் தகடு பொருத்தப்பட்டவர்களுள் பலருக்கு அதை அகற்ற இரண்டாம் அறுவை தேவைப்படுகிறது. நாற்று நடவுக்கும் தேங்காய் வெட்டுக்கும் செல்லும் உழைப்பாளிக்கு அது மருத்துவச் செலவோடு முடிவதில்லை. ஒரு பருவத்துக் கூலியும் போய்விடுகிறது. தானே கரையும் தகட்டின் தேவையை இந்தப் பின்னணியில் வைத்தே காணவேண்டும்.

தொடக்ககால மருத்துவ முயற்சிகள்

1808இல் ஹம்ப்ரி டேவி மக்னீசியத்தைத் தனிமமாகப் பிரித்தார். 1833இல் மைக்கேல் ஃபாரடே உருகிய மக்னீசியம் குளோரைடை மின்னாற்பகுத்து அதைப் பெற்றார். 1878இல் எட்வர்டு ஹியூஸ் என்னும் மருத்துவர் குருதி ஒழுகும் நாளங்களைக் கட்ட மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். எர்வின் பேயர் நாளங்களை இணைக்க அதன் குழாய்களைக் கையாண்டார்.

எலும்பு முறிவில் இதை முதலில் பயன்படுத்தியவர் பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லாம்போத். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கீழ்க்கால் முறிவு ஒன்றுக்கு அவர் மக்னீசியத் தகட்டைப் பொன்முலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு திரண்டு வீங்கியது. இத்தோல்வி முற்றிலும் மக்னீசியத்தின் குற்றமன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. எளிதில் எதிர்வினை புரியும் மக்னீசியமும், உயர்ந்த மின்னழுத்தம் கொண்ட எஃகும் பொன்னும் உடலின் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அம்மின்கலத்தில் கரைவது மக்னீசியமே. பின்னர் லாம்போத்தும் அவருடைய மாணவர் வெர்பிரூகும் மக்னீசியத்தை மட்டும் பயன்படுத்திக் குழந்தைகளின் முறிவுகளில் நல்ல பயன் கண்டனர். 1938இல் அமெரிக்க மருத்துவர் ஏர்ல் மெக்பிரைடு அலுமினியமும் மாங்கனீசும் கலந்த மக்னீசியத் திருகுகளையும் தகடுகளையும் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். துருப்பிடிக்காத எஃகு பரவலானதும் இம்முயற்சிகள் ஒதுங்கின.

குளோரைடும் இரும்பும்

நீர்பட்ட மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறி ஹைட்ரஜனை வெளியிடுகிறது. ஒரு கிராம் உலோகம் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு பிறக்கும். பத்துக் கிராம் தகடு பத்து லிட்டர் வாயுவைத் தரும். இது பல மாதங்களில் சிறிதுசிறிதாக வெளிப்பட்டால் திசுக்கள் அதை ஏற்று வெளியேற்றிவிடும். சில நாட்களில் வெளிப்பட்டால் லாம்போத் கண்ட வீக்கமே மிஞ்சும். ஹைட்ராக்சைடுப் படலம் உலோகத்தை ஓரளவு காக்கவல்லது. ஆனால் குளோரைடு அயனி மிகும்போது அப்படலம் கரையக்கூடிய மக்னீசியம் குளோரைடாக மாறிவிடுகிறது. குருதி நீர்மத்தில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிமோல் அளவில் உள்ளது. எந்தக் குளோரைடிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தோமோ அந்தக் குளோரைடுக்கே உடல் அதைத் திருப்பியனுப்புகிறது எனலாம்.

குளோரைடைவிட நுட்பமானது மாசுகளின் சிக்கல். 1942இல் ஹனவால்ட், நெல்சன், பெலூபே ஆகியோர் இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தாங்கெல்லை உண்டென்று நிறுவினர். தூய மக்னீசியத்தில் இரும்பின் எல்லை பத்து இலட்சத்தில் 170 பங்கு அளவு. நிக்கலுக்கோ அது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. எல்லை தாண்டியதும் அரிமானம் படிப்படியாக உயர்வதில்லை; திடீரெனப் பன்மடங்காகிறது. லாம்போத் காலத்து உலோகத்தில் இரும்பு எவ்வளவு இருந்ததென்று எவரும் கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அக்கால மருத்துவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணமாகலாம்.

காரைக்குடியும் வாலிநோக்கமும்

பட்டுக்கோட்டையிலிருந்து இருப்புப்பாதையில் 73 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அடிப்படையாக அமைய, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அரிமானம், உருகிய உப்புகளின் மின்னாற்பகுப்பு ஆகிய இரண்டும் இந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளாயின. ஒன்று உலோகம் அழிவதை ஆராய்வது. மற்றொன்று அதை உருவாக்குவது. இரண்டும் ஒரே வளாகத்தில் அமைந்தது நம் பொருளுக்கு முக்கியமானது.

மக்னீசியம் குளோரைடிலிருந்து உலோகம் எடுக்கும் செயல்முறையில் மின்னாற்பகுப்பைவிட அதற்கு முந்தைய கட்டமே கடினம். கசப்பு நீரை வற்றவைத்தால் கிடைக்கும் படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஆறு நீர் மூலக்கூறுகளைப் பற்றியிருக்கும். வெறுமனே சூடாக்கினால் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலமாகப் பிரிந்துபோய், ஆக்சைடு மிஞ்சும். நீரை நீக்கிய பின்னும் ஒரு கிலோ உலோகத்துக்கு 12 முதல் 18 யூனிட் மின்சாரம் வேண்டும். காரைக்குடியின் செயல்முறையைக்கொண்டு இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு மக்னீசியம் மற்றும் கடல் வேதிப்பொருள் நிறுவனம் அமைந்தது. அதன் திறன் ஆண்டுக்கு 600 டன். அது நிலைக்கவில்லை. 1990களுக்குப் பின் சீனத்தின் மலிவான உலோகம் உலகச் சந்தையைப் பிடித்தபோது இவ்வளவு சிறிய ஆலை தாக்குப்பிடிப்பது அரிது.

இத்தோல்வியைப் பொருளாதார நோக்கில் மட்டும் மதிப்பிடுவது போதாது. அலுமினியக் கலவைக்கும் எஃகின் கந்தகம் நீக்கவும் டன் கணக்கில் மலிவான மக்னீசியம் தேவை. எலும்புத் திருகுக்கோ கிலோ கணக்கில் மிகத்தூய மக்னீசியம் போதும். வாலிநோக்கம் முதல் சந்தையில் தோற்றது. இரண்டாவது சந்தை அப்போது பிறக்கவே இல்லை.

வலிமையும் அரிமானமும்: இன்றைய நிலை

மக்னீசியத்தின் மீட்சிக் குணகம் 45 ஜிகாபாஸ்கல். புறணி எலும்புக்கு இது 10 முதல் 30 வரை. டைட்டானியத்துக்கு ஏறத்தாழ 110. எஃகுக்கு 200ஐ நெருங்கும். மிகவிறைப்பான தகடு பளு முழுவதையும் தானே சுமப்பதால் அடியிலுள்ள எலும்பு மெலிகிறது. மக்னீசியம் அக்குறையைப் பெரிதும் தவிர்க்கிறது. வார்த்த தூய மக்னீசியம் சில பத்து மெகாபாஸ்கலிலேயே நிலையாக வளைந்துவிடும். கலவையாக்கிப் பிதுக்கி, படிகத் துகள்களை நுண்ணியதாக்கினால் 200ஐயும் எட்டும். ஆகவே தொடக்க வலிமைக்குக் குறைவில்லை. எலும்பு கூடும் ஏறத்தாழ மூன்று மாதமும் அவ்வலிமை எஞ்சவேண்டும் என்பதே நிபந்தனை. மேற்பரப்பு ஒரே சீராகக் கரையாமல் குழிகுழியாக அரித்தால், எடை பெரிதும் குறையாத நிலையிலும் தகடு அக்குழியில் முறியும். எடையிழப்பை மட்டும் அளந்து வலிமையை ஊகிக்கும் ஆய்வுகளை எச்சரிக்கையுடன் படிக்கவேண்டியது இதனால்தான்.

2013இல் ஜெர்மானிய மக்னீசியத் திருகு ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. 2015இல் கால்சியமும் துத்தநாகமும் கலந்த திருகுக்குத் தென்கொரியா ஒப்புதல் அளித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர், மக்னீசியத்துடன் எலும்பின் கனிமமாகிய ஹைட்ராக்சிஅபடைட்டின் நுண்துகளை உராய்வுக் கிளறல் முறையில் கலந்து, அது சிதையும் வேகத்தைக் கட்டுப்படுத்திய முடிவை 2014இல் வெளியிட்டனர். கலவையில் அலுமினியம் சேர்ப்பது வலிமைக்கு உதவினும், அது நரம்புக்குத் தீங்கு தரலாம் என்ற ஐயம் நீங்கவில்லை. துத்தநாகமும் கால்சியமும் விரும்பப்படுவது அதனாலேயே.

தமிழகத்தில் அரிமான ஆய்வு வளர்ந்தது. மருத்துவப் பொருள் ஆய்வும் வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் உலோகம் தரவேண்டிய கடற்கரைத் தொழில் இடையில் நின்றுவிட்டது. அதன் வரலாற்றை எழுத முற்படுவோர் காரைக்குடி நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளிலிருந்தும் வாலிநோக்கம் ஆலையின் பகுப்பாய்வுப் பதிவுகளிலிருந்தும் தொடங்கலாம். உற்பத்தி அளவையும் விலையையும் பார்க்குமுன் அவற்றில் தேடவேண்டிய எண் ஒன்றுண்டு: அங்கு வார்த்த மக்னீசியத்தில் இரும்பு பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு இருந்தது என்பது.