லேப்டாப் பேட்டரி: முதுகில் இருந்து வயிற்றுக்குள் போன கதை

ஏலக்காய்க்கும் லேப்டாப் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் போடிநாயக்கனூரில் சம்பந்தம் இருக்கிறது.

போடிமெட்டுக்கு மேலே ஏலமலையில் விளையும் காய் விலை பேசப்படும் ஊர்களில் ஒன்று போடி. ஒரு காலத்தில் ஏலம் என்றால் குரல் கொடுத்து விலை கேட்பதுதான். 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் (ஸ்பைசஸ் போர்டு) மின்னணு ஏல முறையைக் கொண்டு வந்தது. குரல் போய் கீபோர்டு வந்தது. 2021 ஜனவரியில் போடி ஏல மையத்தையும் கேரளாவின் புத்தடி மையத்தையும் இணையம் வழியே இணைத்து, எந்த மையத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரியும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்று ஆனது. தினமும் ஜீப்பில் மலையேறிப் போகும் தொழிலாளி பறித்த காய்க்கு, கடைசியில் விலை வைப்பது கம்ப்யூட்டர் திரை.

கம்ப்யூட்டர் வந்தால் கரண்ட் வேண்டும். 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு 2 மணி நேரம் மின்வெட்டு, மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். தேனி மாவட்டமும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியிருந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் கைக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் போய்ச் சேர்ந்தது. கரண்ட் இல்லாத இரவில் வீட்டில் வெளிச்சம் தந்த ஒரே பொருள் அந்த லேப்டாப் திரைதான் என்ற வீடுகள் ஏராளம். அந்த வெளிச்சத்துக்குக் காரணம் அதன் பேட்டரி.

அந்த பேட்டரி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது? சாதாரணக் கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இதற்கான பதில் நாற்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அது ஒரு வரலாறு.

பேட்டரியே இல்லாத காலம்

1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டர்தான் தூக்கிக்கொண்டு போகக்கூடியது என்று விற்கப்பட்ட ஆரம்பகால கம்ப்யூட்டர்களில் புகழ்பெற்றது. எடை சுமார் 11 கிலோ. அதாவது ஒரு சின்ன அரிசி மூட்டை. அதில் பேட்டரி கிடையாது. தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் போன இடத்தில் பிளக் இருக்க வேண்டும்!

அதே ஆண்டு ஜப்பானின் எப்சன் நிறுவனம் அறிவித்த எச்எக்ஸ்-20 வேறு வகை. சுமார் 1.6 கிலோ எடை, உள்ளே நிக்கல்-காட்மியம் பேட்டரி. திரை மிகச் சிறியது, நான்கே வரிதான் தெரியும். அதனால் மின்சாரம் குறைவாகச் செலவாகி, ஒரு சார்ஜில் பல மணி நேரம் ஓடியது.

வேடிக்கையான உதாரணம் 1989-ல் ஆப்பிள் கொண்டு வந்த மேக்கின்டோஷ் போர்ட்டபிள். அதில் இருந்தது கார் பேட்டரி வகையைச் சேர்ந்த ஈய-அமில பேட்டரி. எடை 7 கிலோவுக்கு மேல். பேட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால், பிளக்கில் செருகினாலும் கம்ப்யூட்டர் கிளம்பாது. ‘கரண்ட்தான் இருக்கிறதே, பேட்டரி எதற்கு’ என்ற வாதம் அதனிடம் செல்லவில்லை.

நிக்கலில் இருந்து லித்தியம்

நிக்கல்-காட்மியம் பேட்டரியை 1899-ல் கண்டுபிடித்தவர் சுவீடனின் வால்டெமர் யுங்னர். நம்பகமான பேட்டரி. குறைகள் இரண்டு. ஒன்று, காட்மியம் விஷ உலோகம். இன்னொன்று, பாதி தீர்ந்ததும் சார்ஜ் போட்டுப் போட்டுப் பழக்கினால் கொள்ளளவு குறைந்தது போல நடந்துகொள்ளும். இதை ‘மெமரி எஃபெக்ட்’ என்பார்கள். ‘முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்’ என்று இன்றும் வீடுகளில் சொல்லப்படும் அறிவுரை அந்தக் காலத்து எச்சம். இன்றைய பேட்டரிக்கு அது பொருந்தாது, சொல்லப்போனால் கெடுதல்.

லித்தியம் பேட்டரியின் கதை 1970-களில் தொடங்குகிறது. எண்ணெய் நிறுவனமான எக்ஸானில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் அடியை எடுத்து வைத்தார். ஆனால் அதில் லித்தியம் உலோகமாகவே இருந்ததால் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. 1980-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை உயர்த்தினார்கள். 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். ஆபத்து பெருமளவு குறைந்தது. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பேட்டரியை வணிகரீதியாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இந்த மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே அதிக வயதானவர் அவர்தான்.

ஒரு நிக்கல்-காட்மியம் செல் தருவது 1.2 வோல்ட். ஒரு லித்தியம்-அயான் செல் தருவது சுமார் 3.6 வோல்ட். மூன்று செல் செய்த வேலையை ஒன்றே செய்தது. எடையும் குறைவு. லேப்டாப் உண்மையிலேயே மடியில் வைக்கும் பொருளாக மாறியது இதனால்தான்.

இரண்டு தாழ்ப்பாள்

2000-களின் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால், திரை மடியும் கீல் பக்கமாக நீளமான ஒரு கட்டி இருக்கும். அதுதான் பேட்டரி. உள்ளே பெரும்பாலும் ஆறு உருளை செல்கள். ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். மூன்று செல்லை வரிசையாக இணைத்தால் 10.8 வோல்ட். அப்படி இரண்டு வரிசை. லேபிளில் 10.8 வோல்ட், 4400 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பார்த்தால் சுமார் 48 வாட்-மணி.

பக்கத்திலேயே இரண்டு சின்னத் தாழ்ப்பாள். ஒன்று பூட்டு, தள்ளினால் அங்கேயே நிற்கும். இன்னொன்று ஸ்பிரிங் வைத்தது, விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலாவதைத் தள்ளி, இரண்டாவதைப் பிடித்தபடி பேட்டரியை வெளியே இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். பழைய பேட்டரி போனால் சென்னை ரிச்சி தெருவிலோ பக்கத்து டவுன் கடையிலோ புதியது வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். இந்திய வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கான தேய்மானம் 60 சதவீதமாக இருந்து, 2017-18 நிதியாண்டு முதல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் லேப்டாப்புக்குள்ளே எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 முறை சார்ஜ் ஆனதும் 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கிவிடும். மற்ற பாகங்கள் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடும். எனவே முதலில் தேயும் பாகத்தைத் தனியாக மாற்ற முடிந்தால், முழு சொத்தின் ஆயுளும் கூடும். அந்த இரண்டு தாழ்ப்பாளின் பொருளாதாரம் இதுதான்.

2006: தீப்பிடித்த ஆண்டு

2006 ஜூனில் ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு கூட்டத்தில் டெல் லேப்டாப் ஒன்று தீப்பிடித்து எரிந்த படம் இணையத்தில் உலகம் முழுக்கப் பரவியது. ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பத்து நாளில் ஆப்பிள் 18 லட்சம். எல்லாமே சோனி தயாரித்த செல்கள். மற்ற நிறுவனங்களும் சேர்ந்து மொத்தம் சுமார் 96 லட்சம் பேட்டரிகள் என்று கணக்கு வந்தது. காரணம், தயாரிப்பின்போது செல்லுக்குள் சேர்ந்துவிட்ட மிக நுண்ணிய உலோகத் துகள்கள். இரண்டு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவை துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். சூடு ஏறும், சூடு இன்னும் சூட்டை உண்டாக்கும். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் முறை. நோக்கியா பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடாகலாம் என்று எச்சரிக்கை வந்தது. போனைத் திருப்பி, மூடியைத் திறந்து, பேட்டரி நம்பரைப் பார்க்காத ஆள் நம் ஊரில் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த இரண்டு சம்பவத்திலும் மக்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பேட்டரியைக் கழற்று, நம்பரைப் பார், மாற்று. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்ய முடிந்தது. காரணம், பேட்டரி வெளியே இருந்தது.

உள்ளே போனது

2008 ஜனவரியில் ஆப்பிள் மேக்புக் ஏர் என்ற மெல்லிய லேப்டாப்பை அறிமுகம் செய்தது. அதில் பேட்டரியைப் பயனர் கழற்ற முடியாது. அடுத்த ஆண்டு வந்த 17 அங்குல மேக்புக் ப்ரோவிலும் அப்படியே. நிறுவனம் சொன்ன காரணம்: தாழ்ப்பாளும் தனி உறையும் இல்லாததால் மிச்சமாகும் இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம், 1000 முறை சார்ஜ் தாங்கும். அதில் உண்மையும் இருந்தது. 2011-ல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்று மெல்லிய லேப்டாப்களை முன்னிறுத்த, மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் போயின. உருளை செல் போய், தட்டையான பை போன்ற செல் வந்தது. முதுகில் இருந்த பேட்டரி வயிற்றுக்குள், கை வைக்கும் பகுதிக்குக் கீழே போய்விட்டது.

இந்தத் தட்டை செல் பழையதாகிக் கெட்டால் உள்ளே வாயு சேர்ந்து ஊதும். டச்பேட் மேலே எழும்பும், மூடி சரியாக மூடாது, மேசையில் வைத்தால் ஆடும். பலரும் இதை ‘பாடி வளைஞ்சிருச்சு’ என்று நினைத்து அழுத்தி மூடுகிறார்கள். அதுதான் மிகப் பெரிய ஆபத்து.

பத்திரமாகக் கழற்றும் முறை

கழற்றும் வகை என்றால்: ஷட் டவுன் செய்ய வேண்டும் (ஸ்லீப் போதாது). சார்ஜரைப் பிடுங்க வேண்டும். துண்டு விரித்து அதன் மேல் கவிழ்த்து, இரண்டு தாழ்ப்பாளையும் தள்ளி எடுக்க வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும். மாற்று பேட்டரி வாங்கும்போது மாடல் நம்பரும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். 10.8-ம் 11.1-ம் ஒரே குடும்பம், 14.8 வேறு.

உள்ளே இருக்கும் வகை என்றால்: சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை ஓடவிட்டு அணைப்பது நல்லது. அடி மூடியின் ஸ்க்ரூக்களை எந்த இடத்து ஸ்க்ரூ எது என்று குறித்து வைத்துக் கழற்ற வேண்டும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. மற்றதெல்லாம் அப்புறம். பசை போட்டு ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல நெம்பலாம். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் கூடவே கூடாது. ஊதியிருந்தால் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

கழற்றிய பிறகு?

உண்மையான பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2011 முதல் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளின் பேட்டரிகள் இப்போது எங்கே இருக்கும்? பீரோவில், பரணில், அல்லது குப்பையில். போடியில் குப்பை என்றால் மலையடிவாரம். குரங்கணி மலையில் இருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு இந்த ஊரைத் தொட்டுத்தான் வைகைப் பக்கம் போகிறது. காய்ந்த புல் எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணி பார்த்தது. மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நசுங்கினாலே தீப்பிடிக்கக்கூடிய ஒரு பொருளை இந்தச் சரிவில் வீசலாமா என்று யோசிக்க அது போதும்.

சட்டம் தாமதமாகத்தான் வந்தது. 2001-ல் வந்த பேட்டரி விதிகள் ஈய-அமில பேட்டரிக்கு மட்டும். எல்லா வகை பேட்டரிக்கும் சேர்த்து, தயாரிப்பாளரே திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற விதிகள் 2022 ஆகஸ்டில்தான் வந்தன. எனவே பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, வெயில் படாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பதுதான் சரி. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அவர் அதைச் சுத்தியலால்தான் உடைப்பார், ஆபத்து அவருக்கும்தான்.

சக்கரம் திரும்புகிறது

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது அது. சில விதிவிலக்குகள் உண்டு. இந்தியாவிலும் ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்து 2022-ல் மத்திய அரசு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. 20 லட்சம் கணினி என்றால் 20 லட்சம் பேட்டரி. நாலைந்து வருடம் கழித்து அவற்றில் பல ஊதும், பல உயிரிழக்கும். டெண்டர் போடும்போது ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்கும் அதே பட்டியலில், ‘பேட்டரியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியுமா, பழையதை யார் திரும்ப வாங்குவார்கள்’ என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

ஏலக்காய் வியாபாரி காயைக் கையில் எடுத்து, உருட்டி, உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். திறந்து பார்க்க முடியாத பொருளுக்கு விலை சொல்ல மாட்டார். லேப்டாப் வாங்கும்போதும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, பேட்டரி எங்கே என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.