ஒலிபெருக்கியின் வரலாறும் கம்பி இணைக்கும் முறையும்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் தயங்கினேன். இலக்கியம் அறிந்த அன்பர் பலர் உள்ள சங்கத்தில், பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் எழுத்தன் எதை எழுதுவது? பின்னர், சென்ற ஆண்டு விழாவில் என் கையால் நேர்ந்த ஒரு பிழை நினைவுக்கு வந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று நம் மூத்த உறுப்பினரான பெரியவர் ஒருவர் இருபது நிமிடம் பேசினார். ஓய்வு பெற்ற கார்டு அவர். தம் தந்தையார் வங்காள நாகபுரி இரயில்வேயில் வேலை கிடைத்துக் கரக்பூர் வந்து இறங்கிய நாளையும், அக்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பொங்கலிட்ட விதத்தையும் எடுத்துரைத்தார். அவ்வுரையைப் பதிவு செய்து வைக்க வேண்டுமென்பது செயற்குழுவின் தீர்மானம். மைக்கையும் ஆம்ப்ளிபயரையும் பதிவுக் கருவியையும் இணைக்கும் பொறுப்பு என்னுடையது. மைக்கிற்குரிய கேபிள் மேடை வரை எட்டவில்லை. வீட்டு விளக்கிற்குப் போடும் இரட்டைக் கம்பியை அதனோடு முறுக்கி நீட்டினேன். மூன்று முனைகள் வேண்டிய இடத்தில் இரண்டைக் கொண்டு ஒப்பேற்றினேன். அக்கம்பி அலங்கார விளக்குகளின் கம்பியை ஒட்டியே கிடந்தது. முன் வரிசையில் இருந்தோர் அவர் குரலை நேரே கேட்டனர். மறுநாள் பதிவை ஓடவிட்டபோது வண்டு முரலுவது போன்ற இரைச்சலே கேட்டது. அதற்கடியில் எங்கோ பெரியவரின் குரல். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மற்றொரு நாள் அவரை அழைத்துப் பேசச் செய்யலாம் என்று இருந்தோம். பொங்கலுக்கு முன்பே அவர் இயற்கை எய்தினார்.

அதன் பிறகே ஒவ்வொரு கம்பியும் ஏன் ஒவ்வொரு வகையாக அமைந்தது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

கம்பி பேசத் தொடங்கிய காலம்

ஆம்ப்ளிபயரின் கதை தந்தியில் தொடங்குகிறது எனலாம். தந்திக்கு ஒரே கம்பி போதும். மறு கம்பியின் வேலையைப் பூமியே செய்தது. இரயில் பாதையோரத்தில் நின்ற கம்பங்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1876ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். அதற்கும் முதலில் அதே ஒற்றைக் கம்பி முறையையே கையாண்டனர். ஆனால் தந்தியின் 'கட்டுக் கடா' ஒலிக்குத் தீங்கு செய்யாத இரைச்சல், மனிதக் குரலை விழுங்கிவிட்டது. பக்கத்துக் கம்பிகளின் பேச்சும் ஊடே வந்து கலந்தது.

இதற்குப் பெல் அவர்களே ஒரு வழி கண்டார். பூமியை விலக்கி, இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செல்லவிடும் முறைக்கு 1881இல் உரிமம் பெற்றார். இதன் தத்துவம் எளியது. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே அளவு தூசி படிந்தால் முள் அசையாது. அதுபோல, வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாகப் படிகிறது. குரலோ இரண்டிலும் எதிரெதிராகச் செல்கிறது. முடிவில் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் ஒழிந்து குரல் நிற்கும். இன்று மேடை மைக்கிற்குப் பயன்படும் மூன்று முனைக் கேபிள் இத்தத்துவத்தின் வழித்தோன்றலே. இரு முனைகள் குரலுக்கு. மூன்றாவது, அவற்றைச் சுற்றிக் கவசம் போல் அமைந்த கம்பி வலைக்கு. இந்தக் கவசத்தையும் சமநிலையையும் தான் சென்ற ஆண்டு நான் ஒருசேரக் கெடுத்தேன்.

நம் இரயில்வேயிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. நம் தென்கிழக்கு இரயில்வேயைச் சேர்ந்த ராஜ்கர்ஸ்வான் – டோங்கோபோசி பகுதியில் 1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25,000 வோல்ட் மாறு மின்சாரத்தில் வண்டி ஓடத் தொடங்கியது. அம்முறை பரவிய பாதைகளில் எல்லாம், கம்பங்களில் திறந்தவெளியாகச் சென்ற தந்தி, தொலைபேசிக் கம்பிகளை நீக்கிவிட்டுக் கவசமிட்ட கேபிள்களை மண்ணுக்கடியில் புதைக்க வேண்டியதாயிற்று. மேலே செல்லும் மின்சாரம் பக்கத்துக் கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டும் என்பதே காரணம். அலங்கார விளக்கின் 230 வோல்ட் கம்பிக்கும் மைக் கம்பிக்கும் உள்ள பகையும் இதுவேயாகும்.

பிளக் பிறந்த இடம்

இன்று கிதார் வாத்தியத்திலும் மைக்கிலும் காணப்படும் கால் அங்குலப் பருமனுள்ள பிளக், பாட்டிற்காகப் பிறந்ததன்று. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான முதல் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882இல் இத்தகைய நிலையங்கள் ஏற்பட்டன. ஓர் இணைப்பை மற்றோர் இணைப்போடு சேர்க்க, விரைவில் செருகவும் உருவவும் கூடிய ஒரு முனை ஆபரேட்டர்களுக்குத் தேவைப்பட்டது. அத்தேவையில் பிறந்ததே இந்தப் பிளக். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அதன் அளவு மாறவில்லை என்பது வியப்பிற்குரியது.

குரலைப் பெருக்கிய குழல்

கம்பி நீள நீளக் குரல் தேய்ந்தது. இக்குறையைத் தீர்த்தது வெற்றிடக் குழல் என்னும் வால்வு. 1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் இரு முனை வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் மூன்றாம் முனையொன்றைச் சேர்க்க வழி கண்டார். சிறு மின்னலை உள்ளே செலுத்தினால் அதே வடிவில் பேரலை வெளிவந்தது. இதுவே ஆம்ப்ளிபயர்.

1915ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து பெல் பேச, மூவாயிரம் மைலுக்கு அப்பால் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன் கேட்டார். தம் முதல் சோதனையில் கூறியதைப் போலவே 'இங்கே வாருங்கள்' என்று பெல் அழைத்தார். இப்போது அங்கு வர ஒரு வாரமாகுமே என்று வாட்சன் நகைத்தார். இரயில் பயணத்தின் தொலைவைக் குரல் ஒரு நொடியில் வென்றதை எண்ணும்போது என் போன்ற இரயில்வேக்காரனுக்கு உள்ளம் சிலிர்க்கிறது.

அதே ஆண்டில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் தங்கள் மாக்னவாக்ஸ் ஒலிபெருக்கியைச் சான் பிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் கேட்க வைத்தனர். 1919இல் சாண்டியாகோவில் குடியரசுத் தலைவர் வில்சன் அதன் துணையால் ஏறத்தாழ 50,000 பேரிடம் பேசினார். 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஸ்பீக்கரை விளக்கினர். இன்றும் வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அம்முறையைச் சார்ந்தவையே. நம் நாட்டில் நானிக் மோட்வானேயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்தது. அதற்கு முன் எஸ். ஜி. கிட்டப்பா போன்ற நாடகக் கலைஞர்கள் கொட்டகையின் கடைசி வரிசை வரை தம் சொந்தக் குரலாலேயே எட்ட வேண்டியிருந்தது.

வால்வு ஒலியைப் பெருக்கியதோடு திரிக்கவும் செய்தது. இதைத் தீர்த்தவர் பெல் ஆய்வகத்து இளைஞர் ஹரால்டு பிளாக். 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, லாக்கவானா படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்து வேலைக்குச் செல்லும்போது அவருக்கு விடை தோன்றியது. வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி உள்ளே விட்டால் பிழை தானே அடங்கும் என்பது அவ்விடை. கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை வரைந்து கையெழுத்திட்டார். உரிமம் கிடைத்தது 1937இல்தான். இன்றைய ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலானவை இம்முறையைக் கையாள்கின்றன. நாள்தோறும் அலுவலகத்திற்குப் பயணம் செய்யும் நமக்கும் இது ஊக்கமளிக்கும் செய்தியன்றோ!

வீட்டிற்குள் வந்த கம்பிகள்

1930ஆம் ஆண்டுகளில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கிராமபோன் தட்டின் ஒலியை ரேடியோவிற்குள் செலுத்த ஒரு சிறு பிளக்கை அமைத்தது. நடுவில் ஒரு முள், சுற்றிலும் ஒரு வளையம். நிறுவனத்தின் பெயரே அதன் பெயராயிற்று. சிவப்பு வலப்பக்கத்திற்கும், வெள்ளை அல்லது கறுப்பு இடப்பக்கத்திற்கும் வழங்குகின்றன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது, ஆம்ப்ளிபயர் சிறியதாயிற்று. 1979இல் வாக்மேன் வந்தபின் மூன்றரை மில்லிமீட்டர் பிளக் உலகெங்கும் பரவியது. 1983இல் டோஷிபா நிறுவனம் ஒளியால் ஒலியைக் கொண்டு செல்லும் டாஸ்லிங்க் முறையைத் தந்தது. அதில் செம்புக் கம்பி இல்லாமையால் மின் இரைச்சல் அதன் வழியே நுழையாது. 2009இல் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே தொலைக்காட்சியின் ஒலியை ஆம்ப்ளிபயருக்குத் திருப்பியனுப்பும் ஏ.ஆர்.சி. முறை ஏற்பட்டது.

புதிதாக இணைப்போர்க்கு

இவ்வரலாறு கற்பிக்கும் முதற்பாடம், எல்லா ஒலியும் ஒரே வலிமை உடையதன்று என்பது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. கிராமபோன் முள் தருவதும் அத்தகையதே. அதற்கெனப் 'போனோ' என்று குறித்த தனி வாயில் உண்டு. சி.டி. கருவி தருவது சுமார் 2 வோல்ட். இது 'லைன்' எனப்படும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் அனுப்பும் ஆம்ப்ளிபயர் 20 வோல்ட் தருகிறது. ஆகவே மைக் கம்பியை மைக் வாயிலிலும், லைனை லைனிலும் இணைத்தல் வேண்டும். ஸ்பீக்கர் முனையிலிருந்து லைன் வாயிலுக்குக் கம்பி போடுதல், சிற்றோடையில் அணை நீரைத் திறந்துவிடுதல் போலாகும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் கம்பிக்குக் கவசம் வேண்டா; பருமன் வேண்டும். பத்து மீட்டர் தொலைவிற்கு 0.2 சதுர மில்லிமீட்டர் மணிக் கம்பியைப் போட்டால் போக வர 1.7 ஓம் தடை ஏற்படும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்குச் செல்லும் வோல்ட்டில் ஆறிலொரு பங்கிற்கு மேல் வழியிலேயே வீணாகும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அத்தடை கால் ஓமுக்குள் அடங்கும். விளக்கிற்கென்று வாங்கிய இரட்டைக் கம்பி இவ்விடத்திற்குப் பொருந்தும், மைக்கிற்குப் பொருந்தாது. நான் செய்தது இதன் தலைகீழ்.

மூன்றாவது, பந்தலில் நூறு மீட்டர் தொலைவில் உள்ள ஹாரன் ஸ்பீக்கர்களுக்கு 100 வோல்ட் முறை உண்டு. நூறு வாட்டை எட்டு ஓம் வழியே அனுப்ப மூன்றரை ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 100 வோல்ட்டில் ஓர் ஆம்பியரே போதும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரயில் என்ஜினுக்கு 25,000 வோல்ட் கொடுப்பதன் காரணமும் இதுவே. ஆனால் அம்முனையில் டிரான்ஸ்பார்மர் இல்லாத வீட்டு ஸ்பீக்கரை இணைத்தால் அது கெடும்.

நான்காவது, எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் இணையாகச் சேர்த்தால் தடை நான்கு ஓமாகக் குறையும். ஆம்ப்ளிபயரில் குறித்த அளவிற்குக் கீழே செல்லலாகாது. சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிச் சேர்த்தால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். இணைப்பு முழுவதும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே செய்தல் வேண்டும்.

கடைசியாக, மைக் கம்பியும் விளக்குக் கம்பியும் பக்கத்தில் படுத்தல் ஆகாது. ஒன்றையொன்று கடக்க நேரின் குறுக்கே கடந்து செல்லட்டும். விழா தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைச் சென்ற ஆண்டு நான் செலவிட்டிருந்தால், இம்மலரில் பெரியவரின் உரை அச்சாகியிருக்கும்.

இவ்வாண்டு விழாவிற்கு நாற்பது மீட்டர் மைக் கேபிளைச் சங்கம் வாங்கியுள்ளது. முதலில் பேச இசைந்திருப்பவர் பெரியவரின் துணைவியார். அவரும் இவ்வூர்ப் பொங்கலை அறுபது ஆண்டுகள் கண்டவர். மலர் உங்கள் கையில் இருக்கும் வேளையில் நான் மேடைக்குப் பின்னால் காதில் ஹெட்போனுடன் அமர்ந்திருப்பேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!