வீழும் குதிரைவீரன்: உரோமச் சில்லறைக் காசுகள் சொல்லும் சரித்திரம்

பேரரசுகளின் பெருமையைப் பொற்காசுகளில் தேடுவதே நம்மிற் பலரின் வழக்கம். ஆனால் பொற்காசு செல்வந்தரின் பெட்டகத்தில் உறங்கியது. ரொட்டிக்கடை, குளியல்கூடம், படைமுகாம் என்று நாளெல்லாம் கைமாறித் திரிந்தது செப்பும் வெண்கலமுமான சில்லறையே. பத்திரிகை இல்லாத அக்காலத்தில், உரோமப் பேரரசன் சாமானியனோடு பேச நினைத்தபோது இந்தச் சில்லறையின் மீதே தன் சொல்லையும் சித்திரத்தையும் பொறித்தான்.

கி.பி. 70இல் ஜெரூஸலம் வீழ்ந்தது. அதன் பின் பேரரசன் வெஸ்பாசியன் வெளியிட்ட பெரிய பித்தளைக் காசுகளில் ஒரு பேரீச்சமரம் நிற்கிறது. அதனடியில் ஒரு பெண் துயருற்று அமர்ந்திருக்கிறாள். 'யூதேயா பிடிபட்டது' என்பது வாசகம். தோற்ற சமூகமொன்றின் கண்ணீர் இவ்வாறு வென்றவனின் சந்தைச் சல்லியாயிற்று.

கி.பி. 348 அளவில் கொன்ஸ்டன்டைனின் புதல்வர்களான இரண்டாம் கொன்ஸ்டான்டியஸும் கொன்ஸ்டான்ஸும் புதிய வெண்கலக் காசொன்றை வெளியிட்டனர். 'நற்காலம் மீண்டது' என்று அது அறிவித்தது. அதன் சித்திரங்களுள் ஒன்றில், உரோம வீரன் ஈட்டியை ஓங்க, பகைவன் குதிரையோடு சரிகிறான். சில அச்சுகளில் அப்பகைவன் ஒரு கையை உயர்த்தித் திரும்பிப் பார்க்கிறான்.

நற்காலம் உண்மையில் மீண்டதா? 350இல் கிளர்ச்சியாளர் கொன்ஸ்டான்ஸைக் கொன்றனர். 359இல் அமிடா நகர் பாரசீகரிடம் வீழ்ந்தது. இதற்கிடையில் காசும் சிறுத்து எடை குறைந்தது. சிறுத்த காசிலும் அதே வாசகம் தொடர்ந்தது. 388 முதல் வந்த மிகச் சிறிய காசுகளிலோ, வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். 'அரசின் நலம்' என்கிறது எழுத்து. 410இல் கோத்தியர் உரோம் நகரையே சூறையாடினர்.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய இத்தகைய சிறு காசுகள் இலங்கை மண்ணில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலும் இவை பேசப்படுகின்றன. வந்தவை போதாமலோ என்னவோ, இங்குள்ளோர் அவற்றைப் பார்த்துத் தாமும் காசுகள் செய்தனர். அவற்றில் அரசனின் முகம் சில கோடுகளாய்ச் சுருங்கிற்று. இலத்தீன் எழுத்துக்கள் பொருளற்ற கீறல்களாயின. நம் சந்தைக்குப் பேரரசனின் பெயர் தேவைப்படவில்லை. காசு செல்லுபடியானால் போதுமாயிருந்தது. அவ்வளவு கவனமாகப் பொறிக்கப்பட்ட பிரசாரம் கடல் கடந்ததும் ஊமையாயிற்று.

அக்காசுகளில் மன்னனின் பெயர் உண்டு. அச்சடித்த நகரின் குறியும் உண்டு. குதிரையிலிருந்து வீழ்பவனுக்கு மட்டும் பெயரில்லை. சரித்திரம் எழுத முனைவோர் காசைக் கையிலெடுத்தால் முதலில் அவனைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.