மைசூர் பாண்டும் ஒரு நாகஸ்வரப் பிள்ளையும்

மைசூர் அரண்மனையில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வீணை சேஷண்ணாவுக்குக் கிடைத்த ஆதரவு ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் நடத்திய பாண்டுக்கும் கிடைத்தது என்பதும், அடுத்து வந்த ஜயசாமராஜ உடையார் கர்நாடக கிருதிகளை இயற்றிக்கொண்டே ருஷ்யரான மெட்னரின் இசையை லண்டனில் இசைத்தட்டாக்கப் பொருளுதவி புரிந்தார் என்பதும், அந்த சமஸ்தானத்தின் விசாலமான ரஸனைக்குச் சான்றுகள். 1846-இல் அடோல்ப் சாக்ஸ் காப்புரிமை பெற்று, ராணுவ பாண்டுகளில் வளர்ந்த ஸாக்ஸபோனுக்கும் அந்த அரண்மனை பாண்டில் இடமிருந்தது.

தென் கன்னடத்துப் பண்ட்வாள் பக்கம் 1949-இல் பிறந்து, தந்தை தனியப்பாவிடம் நாகஸ்வரம் பயின்ற கத்ரி கோபால்நாத், சிறு வயதில் ஸாக்ஸபோனை அந்த அரண்மனை பாண்டில் கேட்டு மயங்கினார். மயக்கம் தீர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சாதகம் வேண்டியிருந்தது. நாகஸ்வரத்தில் துளையை விரல் பாதி மூடியும் வழுக்கியும் கமகத்தைப் பிறப்பிக்கும். ஸாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி நின்று, ஸ்வரத்தைப் படி படியாக வெட்டிக் கொடுக்கும். சாவிகளைத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டும், உதட்டாலும் மூச்சாலும் இழைத்தும், அவர் அந்த இரும்புப் பிடிவாதத்தை (பித்தளைப் பிடிவாதம் என்பதே பொருத்தம்) இளக வைத்தார். கோயில் வீதியில் தவிலோடு நடந்து பழகிய லயம் அவர் வாசிப்பை விட்டு விலகியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பம்பாயில் 1980-இல் நடந்த ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்கரான ஜான் ஹேண்டி அவரைக் கேட்டு உடன் சேர்ந்து வாசித்தார். பின்னர் குழல் வித்வான் ஜேம்ஸ் நியூட்டனோடு ‘ஸதர்ன் பிரதர்ஸ்’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. ஆயினும் என் அபிமானம் 2008-இன் ‘கின்ஸ்மென்’ மீதே. கர்நாடகப் பூர்விகம் கொண்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவின் தமையனார், தம்பியின் மாணவப் பருவத்தில், கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றை அவருக்குப் பரிகாசமாகப் பரிசளித்தாராம். பரிகாசம் பக்தியாக முதிர்ந்து, கடைசியில் இருவரும் ஒரே தட்டில் அமர்ந்தார்கள். பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ராயல் ஹார்ட்டிகனின் டிரம்ஸும் அருகருகே ஒலிக்க, கன்யாகுமாரியின் வயலின் இடையே இழையும் அந்த இசையை ‘கலப்பு’ என்று சொல்ல மனம் வரவில்லை. சொந்தபந்தம் என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு அவர்கள் சூட்டியிருக்கிறார்கள்.