மீன் பேனும் நூவான் பாட்டிலும்

மேட்டூரிலும் பூலாம்பட்டிக் காவிரிக் கரையிலும் மீன் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குக் கட்லா, ரோகு என்ற பெயர்கள் நன்றாகப் பழகியவை. ஆனால் இவை காவிரியின் சொந்த மீன்கள் அல்ல. கங்கைப் பக்கத்து மீன்கள். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு கிடைத்த பிறகு, வடக்கிலிருந்து வந்த இனங்களை இங்கே விட்டு வளர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் மீன் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில்தான் பிடிக்க வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் ஊசி போட்டுக் கெண்டை மீனை முட்டையிட வைத்தார்கள். (அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.) அதன்பின் குஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஏரி, குளம், பண்ணைக் குட்டை என்று எங்கும் மீனை நெருக்கி வளர்க்க முடிந்தது. நெருக்கி வளர்த்தால் நோயும் நெருங்கி வரும் அல்லவா? அப்படிப் பெருகியதுதான் மீன் பேன்.

பெயர் பேன் என்றாலும் இது தலைப்பேனின் உறவு அல்ல. இறால், நண்டு வகையறா. அறிவியல் பெயர் ஆர்குலஸ். அரை சென்டிமீட்டர் அளவில் தட்டையாக, கண்ணாடி போல இருக்கும். இரண்டு உறிஞ்சு கிண்ணங்களால் மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தும். மீன் துள்ளும், கல்லிலும் கழியிலும் போய் உரசும், தீனி எடுக்காது. புண்ணில் வேறு கிருமிகளும் புகுந்துவிடும். நம் கெண்டைகளில் ரோகுவைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. கட்லா ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. செத்த மீனை விட எடை ஏறாத மீன்தான் பெரிய நஷ்டம். தீனிச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும், விற்பனை எடை மட்டும் நிற்கும்.

இதற்கு மருந்து? வயலில் இருந்ததுதான் குளத்துக்கும் போனது. பருத்திக்கும் காய்கறிக்கும் அடித்த நூவானை, அதாவது டைகுளோர்வாஸை, மீன் குளத்திலும் ஊற்றினார்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கும் டெல்டாமெத்ரினும் அப்படியே வந்து சேர்ந்தது. பூச்சியும் உண்ணியும் மீன் பேனும் கணுக்காலிகள் என்பதால் ஒன்றைக் கொல்லும் விஷம் மற்றொன்றையும் கொல்கிறது. கூடவே குளத்தில் இருக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளையும் கொல்கிறது. கட்லாவின் முக்கிய உணவே அவைதான்! பேனைக் கொல்லப் போய் மீனின் சோற்றில் கை வைத்த கதை.

ஆச்சரியம் என்னவென்றால், உலகின் மறுகோடியிலும் இதே பாட்டில்தான் திறக்கப்பட்டது. நார்வேயில் 1970-ல் ஹிட்ரா தீவில் குரோன்ட்வெட் சகோதரர்கள் கடலில் கூண்டு மிதக்கவிட்டு சால்மன் வளர்த்து வெற்றி கண்டார்கள். சில ஆண்டுகளிலேயே சால்மன் பேன் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. முதலில் டிரைகுளோர்ஃபான், பிறகு டைகுளோர்வாஸ். ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் அது முதலில் நூவான் என்ற பெயரிலேயே போனது, பின்னர் அக்வாகார்டு ஆனது. (நம் வீடுகளில் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியின் பெயர் போலவே ஒலிக்கிறது, வேடிக்கைதான்.)

1990களின் தொடக்கத்திலேயே நூவானுக்குப் பேன் அசரவில்லை என்று தெரிந்துவிட்டது. நூறு பேனில் இரண்டு பிழைத்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறை முழுக்க அந்த இரண்டின் பிள்ளைகள். அவற்றின் மீது அதே மருந்தை மீண்டும் ஊற்றினால் என்ன ஆகும்? டெல்டாமெத்ரின் வந்தது, அதற்கும் பழகின. 2000 வாக்கில் தீனியில் கலந்து கொடுக்கும் எமாமெக்டின் பென்சோயேட் வந்தது. நம் பக்கம் மக்காச்சோளப் படைப்புழுவுக்கு அடிக்கிறார்களே, அதே சரக்கு. பத்து ஆண்டு ஆவதற்குள் அதற்கும் எதிர்ப்பு.

அதன் பிறகுதான் நார்வேக்காரர்கள் வேறு வழிகளில் அதிகம் இறங்கினார்கள். பேனைக் கொத்தித் தின்னும் ராஸ் என்ற சிறு மீனைக் கூண்டுக்குள் விடும் யோசனை 1980களின் இறுதியிலேயே வந்திருந்தது. அது பெரிய அளவுக்குப் போனது. சால்மனைச் சில நொடிகள் வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுக்கிறார்கள். இதில் மீனும் துன்பப்படுகிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. எல்லாவற்றையும் விட உருப்படியான வேலை, எண்ணுவது. பண்ணையாளர் பேனை எண்ணி அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேனைத் தாண்டக் கூடாது. ஆற்றுக் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வசந்த காலத்தில் 0.2 தான். 2017 முதல் கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து, போக்குவரத்து விளக்கு போல பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கிறார்கள். காட்டு சால்மனுக்குப் பேனால் பாதிப்பு அதிகமான பகுதிக்குச் சிவப்பு. அங்கே உற்பத்தியைக் குறைக்க வேண்டும்.

இந்தியாவில் 2018-ல் வந்த மத்திய அரசு ஆணைப்படி டைகுளோர்வாஸும் டிரைகுளோர்ஃபானும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டன. நார்வே தொடங்கிய அதே இரண்டு மருந்துகள்!

ஆனால் நம் விவசாயிக்கு நார்வேக்காரருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சால்மன் பேன் தன் முட்டைச் சரத்தை உடம்பிலேயே தொங்கவிட்டுக்கொண்டு திரியும். குஞ்சுகள் நேராகக் கடலில் கலந்துவிடும். ஆர்குலஸ் அப்படி அல்ல. முட்டையிட மீனை விட்டு இறங்கி, கல், கழி, சுவர் என்று கெட்டியான இடம் தேடிப் போய் வரிசையாக ஒட்டி வைக்கும். அதனால் குளத்தில் மூங்கில் கழிகளை ஊன்றி வைத்து, முட்டை பொரியும் முன்பே பிடுங்கி வெயிலில் காயப் போட்டால் ஒரு தலைமுறையே போச்சு. செலவு மூங்கில் விலைதான். அறுவடை முடிந்ததும் குளத்தை வற்றவிட்டுக் காயப்போடுவதும் இதே கணக்குத்தான்.

குட்டையை வற்றவைக்கலாம். பெரிய ஏரியை? மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா நீரேற்றுத் திட்டம் 565 கோடி ரூபாயில் தீட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. எடப்பாடி, ஓமலூர், சங்ககிரிப் பக்கத்து ஏரிகளுக்குத் தண்ணீர் வந்தால் மீன் வளர்ப்பும் வரும். தண்ணீர் ஏரி விட்டு ஏரி போகும்போது பேனும் போகலாம். ஈர வலையிலும் குஞ்சு வண்டியிலும் இன்னும் சுலபமாகப் போகும். வலையை நன்றாகக் காய வைத்த பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துப் போவதும், வாங்கிய குஞ்சைத் தொட்டியில் சில நாள் வைத்துப் பார்த்து விடுவதும், மாதம் ஒருமுறை பத்து மீனைப் பிடித்துப் பேனை எண்ணிப் பார்ப்பதும் குத்தகைதாரர் தானே செய்துகொள்ளக்கூடிய வேலைகள்.