எண்ணும் பிடியும்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பங்குக் கிணறுகளில், பங்காளி சென்னைக்குப் போய்விட்டாலும் கூட்டுப் பட்டாவில் பேர் கிடக்கும். 'எழுதிக் குடுக்காமப் போயிட்டாரே' என்பார்கள். கிணற்றை முழுசாக விற்க முடியாது. கணினி நினைவக வரலாற்றிலும் இதே சிக்கல்தான். 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் முன்வைத்த முறை: ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அதிலேயே எண்ணி வை, பூஜ்ஜியமானால் இடத்தை விடுவி. அப்ஜெக்டிவ்-சியில் நிரலர்கள் ரீடெய்ன், ரிலீஸ் என்று கையால் கூட்டிக் கழித்தார்கள். ஒரு ரிலீஸ் மறந்தால் இடம் முடங்கும். ஒன்று கூடினால் மற்றவர் பிடித்திருக்கும்போதே பொருள் போய்விடும். 1963இலேயே மெக்பெத் இம்முறையின் ஓட்டையைக் காட்டிவிட்டார்: இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால், வெளியே ஒருத்தரும் இல்லாவிட்டாலும் எண் பூஜ்ஜியமாகாது. எண் எத்தனை என்று சொல்லும், யாரு என்று சொல்லாது (கணக்கெழுதும் அதிகாரத்துக்கு அது போதும்). 2011இல் ஆப்பிள் இந்தக் கூட்டல் கழித்தலைக் கம்பைலரிடம் தள்ளியது. எந்தப் பிடியை எண்ணக் கூடாது என்பதை மட்டும் இன்றும் மனுஷன்தான் எழுதுகிறான்.